பூட்டு முன்னால, கீல் பின்னால

வா பேராண்டி, இப்புடி இஸ்தோப்புல குந்து. மூணு நாளா நீ அந்தக் கொம்பியூட்டரு முன்னாடி ஒக்காந்திருக்குற கோலத்தப் பாத்தா, தராசுல ரெண்டு கிலோ வெட்டிட்டாங்கன்னு கூடையத் தூக்கி எறிஞ்ச கொழுந்துக்காரி மாதிரி இருக்கு. ஒங்க அப்பாயி பயந்துட்டா. "புள்ளைக்கு என்னமோ அண்டிருச்சு, ரோதமுனிக்கு ஒரு சேவல் நேந்துக்குவோம்"ங்கிறா. பேயில்லடி, பாஸ்வேர்டுன்னேன். "அது எந்த மலைப் பேயி?"ங்கிறா.

இந்தா, தேத்தண்ணி. சீனி இல்ல. கருப்பட்டி இருக்கு, கடிச்சுக்க.

எனக்கு வெளங்குன மட்டுக்கும் கதை இதுதான். அப்பாயியோட பொறப்புச் சான்றிதழு, ஐடென்டிகார்டு, பிரசாவுரிமைப் பத்திரம், ஈ.பி.எஃப். கடுதாசி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல அடுக்குன. நல்ல காரியம். அப்பறம் ஓசியில கெடைச்ச ஒரு பூட்டு சாப்ட்வேரப் போட்டு அந்த ஃபோல்டரப் பூட்டுன. அதுவும் சரி, ஐடென்டிகார்டு நகல வச்சு எவனாச்சும் சிம் வாங்குவான், கடன் வாங்குவான். அதுக்கப்பறம் கொம்பியூட்டரு மெதுவா ஓடுதுன்னு அந்தச் சாப்ட்வேரத் தூக்கிக் கடாசிட்ட. பூட்டு தொங்குது, பூட்டுக்காரன வெரட்டிட்ட. இதுக்குத்தான் ஒன்ன ஹட்டன் டவுன்ல கொம்பியூட்டர் கிளாசுக்கு அனுப்புனோம்.

மொறைக்காத. இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு கேக்குற. முப்பத்தி நாலு வருசம் தேயிலை ஸ்டோர்ல ஃபிட்டரா இருந்தவன் நான். ரோலரு, டிரையரு, சல்லடை மெசினு எல்லாத்தையும் கழட்டி மாட்டுன கை இது. தொரை பங்களா அலமாரிச் சாவி தொலைஞ்சப்பல்லாம் எனக்குத்தான் ஆளு வரும். ஒன் மெசினப் பத்தித் தெரிஞ்சது வேற வழியில. ராத்திரில நீ அதப் பத்தி வீடியோ போட்டுப் பாத்துக்கிட்டே தூங்கிருவ. நான் தூங்கல.

ஃபிட்டரு மொதல்ல கேக்குறது ஒரு கேள்விதான்: இது என்ன பூட்டு? நெசமாவே பூட்டுனதா, இல்ல சும்மா சாக்கப் போட்டு மூடுனதா?

சாக்குப் போட்டு மூடுறதுல ரொம்பக் கேவலமானது ஒன் கூட்டாளி போன வருசம் காட்டுனானே, அது. இருவது முப்பது வரி என்னமோ எழுதி, ஒரு கோப்பா வச்சு, ரெண்டு தட்டு தட்டுனா ஃபோல்டர் காணாமப் போகுது. பாஸ்வேர்டு அடிச்சாத்தான் திரும்ப வரும். பய நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னான். அந்தக் கோப்ப நோட்பேட்ல தொறந்து பாத்தா நடுவுல பாஸ்வேர்டு பச்சையா எழுதிக் கெடக்கு! கதவப் பூட்டி, சாவிய அதே கதவுல ஆணியடிச்சுத் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் பூட்டு இல்லடா. ஃபோல்டருக்குக் கன்ட்ரோல் பேனல் வேசம் கட்டி, மறைவுக் கோப்புன்னு ஒரு முத்திர குத்துறது, அவ்வளவுதான். காமன் கூத்துல வேசம் கட்டுனவன அவன் பொஞ்சாதிக்குத் தெரியாமயா போகும்?

அதுக்கு ஒரு படி மேல, ஓசில கெடைக்குற பூட்டுச் சாப்ட்வேருங்க. அதுல பாதி, வாசல்ல ஒரு காவக்காரன நிப்பாட்டி "உள்ள ஒண்ணுமில்ல, போ"ன்னு சொல்ல வைக்கிறதுதான். கொம்பியூட்டர சேஃப் மோட்ல கெளப்புனா காவக்காரன் வேலைக்கு வரமாட்டான், ஃபோல்டர் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும். இல்ல, லினக்ஸ் போட்ட பென் டிரைவக் குத்தி அதுல இருந்து கெளப்பிப் பாரு. நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியப் பாரேன். முன்னாடி திண்டுக்கல் பூட்டு தொங்குது, ஒங்க அப்பாயி சாவிய இடுப்புச் சுருக்குப் பையில முடிஞ்சு வச்சிருக்கா. பின்னாடி ரெண்டு கீலு. கீல்ல ஆணி. அத அப்பறமா சொல்றேன்.

சேஃப் மோட்ல போய்ப் பாத்துட்டியா? ஃபோல்டர் இல்ல, பேரு வெளங்காத ஒரே ஒரு பெரிய கோப்பு இருக்கா? சரி. அப்ப ஒன்னோடது நெசப் பூட்டு. சாக்குப் போட்டு மூடுன கொழுந்து இல்ல, ரோலர்ல போட்டு அரைச்ச கொழுந்து. பக்கத்துல போய் மோந்து பாத்தாலும் எந்த மலைக் கொழுந்துன்னு சொல்ல முடியாது. ஒரே வித்தியாசம், சாவி இருந்தா இந்த ரோலரு பின்னாடி சுத்தி, அரைச்சத இலையாக்கிக் குடுத்துரும். சாவி இல்லாட்டி ரோதமுனியே எறங்கி வந்தாலும் முடியாது.

விண்டோசுக்குள்ளயே இந்த மாதிரி ஒண்ணு இருக்கு, இ.எஃப்.எஸ்.னு பேரு, விண்டோஸ் 2000 காலத்துல இருந்து இருக்கு. ஃபோல்டர் பேரு பச்சை எழுத்துல மாறும், புது விண்டோஸ்ல ஓரமா குட்டிப் பூட்டுப் படம் வரும். ஒன் மெசின்ல அதுக்கு டிக் போடுற கட்டம் மங்கிப் போயிக் கெடந்துச்சே, கிளிக் பண்ணிப் பண்ணி எலிய ஒடைச்சியே, ஞாபகம் இருக்கா? மெசினுக்கு நோவு ஒண்ணுமில்ல. ஒன்னோடது ஹோம் விண்டோஸ், அதுக்கு அந்த வசதி கெடையாது. நல்லவேளை. அந்தப் பூட்டோட சாவி தனியா இருக்காது, நீ உள்ள நொழையுற பேரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு கடைக்காரன்கிட்ட குடுத்து, அவன் வெளிய இருந்து மாத்திக் குடுத்தான்னு வையி, கொம்பியூட்டரு தொறக்கும், ஃபோல்டர் தொறக்காது. உள்ள இருக்குற கோப்புப் பேரெல்லாம் தெரியும், தொட்டா அனுமதி இல்லைங்கும். கண்ணாடிப் பெட்டி மாசிச் சம்பல். பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வந்து திரும்ப அதையே வச்சா வழிக்கு வரும். ஃபார்மட் அடிச்சு, சாவிய நகல் எடுத்தும் வைக்கலன்னா, கருமாதி சாப்பாட்டுக்குச் சொல்லி அனுப்பு.

இப்ப ஒன் விசயம். அதே சாப்ட்வேர, அதே பழைய பதிப்பத் தேடித் திரும்ப ஏத்திட்ட. புத்திசாலி, யாரு பேரன். அது பாஸ்வேர்டு கேக்குது. நீ குடுக்குற. தப்புங்குது. நாப்பது தடவை அடிச்சிருக்க. பேராண்டி, திருகாணி வரலைன்னா எந்த ஃபிட்டரும் நாப்பது தடவை அதே பக்கம் முறுக்க மாட்டான். மொதல்ல அந்தப் பெரிய கோப்ப வேற டிஸ்க்குல ஒரு நகல் எடு. மறந்தும் எதையும் அழிக்காத. கரண்டையும் பாத்துக்க. 2022 மார்ச் கடைசில பதிமூணு மணி நேரம் கரண்ட் வெட்டுனாங்களே, அப்ப ஒருத்தன் டிஸ்க்கப் பூட்டிக்கிட்டு இருக்கையில லைட்டு போச்சுன்னா அவன் கதி என்ன? நம்ம ஊர்ல ஒரு இடி இடிச்சாலே போதும்.

நகல் எடுத்தாச்சா? இப்ப சொல்லு, என்ன பாஸ்வேர்டு? வெக்கப்படாம சொல்லு, நான் என்ன கொழும்புக்கா போய்ச் சொல்லப் போறேன்?

"அப்பாயி"யா! அடி சக்கை. ஒரு தடவை என் பேர வச்சிருக்கியாடா?

சரி, எப்புடி அடிக்கிற? ஏ, பீ, பீன்னு போன்ல அடிக்கிற மாதிரி இங்கிலீசு எழுத்துல. கேப்ஸ் லாக்கும் பாத்துட்ட. நல்லா யோசி. பூட்டுன அன்னிக்கு என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்த? நானும் பக்கத்துல தான் இருந்தேன். மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா நோட்டீசு. எந்த எழுத்துல? பாமினி! ரெண்டு மணி நேரம் பாமினில அடிச்சிக்கிட்டு இருந்துட்டு, அதே சூட்டுலதான் பாஸ்வேர்டும் வச்ச. மூளை 'அப்பாயி'ன்னுச்சு. கை பாமினில அடிச்சிருச்சு. அந்தக் கட்டத்துல வெறும் புள்ளியாத்தானே தெரியும், நீ என்னத்தக் கண்ட?

அப்ப மெசினுக்குப் போயிச் சேந்தது தமிழு இல்லடா. பாமினில 'அ'வுக்கு என்ன விசை? எம். 'ப'வுக்கு? ஜீ. புள்ளிக்கு அரைப்புள்ளி. திரும்ப ஜீ, காலுக்கு எச். 'ய'வுக்கு ஏ, மேல் விசிறிக்குப் பீ. எம், ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், ஏ, பீ. எல்லாம் சின்ன எழுத்து. அடி பாப்போம். யோசிச்சு அடிக்காத, கண்ண மூடிக்கிட்டு நோட்டீசு அடிக்கிற மாதிரி அடி.

தொறந்துருச்சா? கத்தாதடா, பக்கத்துக் காம்பராவுல கைப்புள்ள தூங்குது.

ஏழு விசையில ஒரு பாஸ்வேர்டு, அதையும் மறந்துட்டான். தொலையட்டும். ஒரு எழுத்து மாறுனா உள்ள விடமாட்டேங்குறது ஒன் மெசினு கண்டுபுடிச்ச வித்தையில்ல. 1948ல பிரசாவுரிமைச் சட்டம் வந்தப்ப, ஒன் அப்பனும் இந்த நாட்டுலதான் பொறந்தான்னு பேப்பரு காட்டுன்னாங்க. லயத்துல பொறந்தவனுக்கு ஏது பேப்பரு? 1964 அக்டோபர்ல ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அஞ்சேகால் லட்சம் பேரு இந்தியாப் பக்கம், மூணு லட்சம் பேரு இந்தப் பக்கம்னு கொழுந்து பிரிக்கிற மாதிரிப் பிரிச்சாங்க. லட்சத்தி அம்பதாயிரம் பேர அப்பறமாப் பாத்துக்கலாம்னு ஓரமா வச்சாங்க. மிச்சம் மீதிக்கெல்லாம் சேத்து 2003ல ஒரு சட்டம் வந்துச்சு. அம்பத்தஞ்சு வருசமா "பாஸ்வேர்டு தப்பு, திரும்ப முயற்சி செய்க"ன்னே சொல்லிக்கிட்டு இருந்த மெசின நாங்க பாத்திருக்கோம். நீ மூணு நாளுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுற. இன்னிக்கும் ஒங்க அப்பாயி பேரு மூணு கடுதாசில மூணு விதமா இருக்கு. சேமலாபக் காசுக்குப் போனா, இதுல எந்த ஆளும்மா நீங்கன்னு கேக்குறாங்க. அவளும் சளைக்காம, "மூணு பேருக்கும் தனித்தனியாக் குடுங்க"ன்னுட்டு வந்தா.

அதனால ஒரு துண்டு எழுதி வையி. துண்டுன்னா தெரியுமா? எங்க தாத்தா மண்டபம் கேம்புல இருந்து கழுத்துல தகர டிக்கட்டோட வந்த ஆளு, அவரு சொல்லுவாரு. அந்தக் காலத்துல தோட்டம் விட்டுத் தோட்டம் போகணும்னா தொரைகிட்ட துண்டு வாங்கணும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், கட்டுறவங்க கூட்டிட்டுப் போகலாம்னு எழுதுன கடுதாசி. அது இல்லாம நகர முடியாது. 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. இப்ப ஒன் மெசினுக்காரங்க திரும்பக் கொண்டாந்துட்டாங்க. பிட்லாக்கருக்கு நாப்பத்தெட்டு எண்ணுல ஒரு துண்டு, ஆறு ஆறா எட்டுக் கட்டு. அத அந்தக் கொம்பியூட்டருக்குள்ளயே சேமிச்சு வைக்கிற மகராசனுங்களும் இருக்காங்க, பெட்டிச் சாவியப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுற மாதிரி. பேப்பர்ல எழுது. பென்சில்ல எழுது, ஹட்டன் ஈரத்துக்கு மை பரவிரும்.

அந்த ஓசிப் பூட்ட விட்டுரு. கோப்ப எல்லாம் வெளிய எடுத்துட்டு வேராகிரிப்டுக்கு மாத்து. அது காசு கேக்காது, உள்ள இருக்குற வேலைய யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி ட்ரூகிரிப்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, 2014 மே மாசம் செஞ்சவங்களே இனி இத நம்பாதீங்கன்னு எழுதிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. செஞ்சவங்க யாருன்னே அன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது. இது அதோட தம்பி. தலைப்புன்னு ஒண்ணு இருக்கும், அதுக்கும் ஒரு நகல் எடுத்துக்க. அது கெட்டா சரியான பாஸ்வேர்டு குடுத்தாலும் தொறக்காது.

அதுல ஒரு வேடிக்கை இருக்கு பேராண்டி. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு அறை வைக்கலாம், ரெண்டு பாஸ்வேர்டு. எவனாச்சும் கழுத்தப் புடிச்சா மொத பாஸ்வேர்டக் குடுத்துறணும். உள்ள ஏதோ கொஞ்சம் சில்லறைச் சாமான் இருக்கும். வந்தவன் அதப் பாத்துட்டு, இவ்வளவுதான்னு நம்பிப் போயிருவான். ரெண்டாவது அறை இருக்குன்னே தெரியாது. வெள்ளைக்காரன் மூளைய என்ன சொல்ல!

இப்ப அந்த டிரங்குப் பெட்டி கதை. காதக் குடு. கீல் ஆணி ரெண்டையும் நான் உருவுவேன். பூட்டுல கைய வைக்கிறதே இல்ல. மூடிய பின்பக்கமாத் தூக்கி, தவறணைக்கு ஒரு எறநூறு எடுத்துக்கிட்டு, ஆணியத் திரும்பச் சொருகிருவேன். முப்பது வருசமா நடக்குது, அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

எவ்வளவு இருக்குமா? ஐநூறு. அதுக்கு மேல வச்சதே இல்ல, பாவம். நான் எறநூறு எடுத்தாலும் அடுத்த சம்பளத்துக்கு அப்பறம் பாத்தா திரும்ப அதே ஐநூறு இருக்கும்.

என்னடா சிரிக்கிற?

எப்பத் தொறந்தாலும் ஐநூறுதான்...

அடியே! இங்க வா. அந்தப் பழைய அரிசி டின்ன எங்க வச்ச?