பட்டியலில் பெயர் ஏறுவது எப்படி?

கேள்வி: பெரிய நிறுவனங்களின் ஆட்குறைப்பில் யார் வெளியே என்று முடிவு செய்வது மேலிடமா, மேலாளரா?

பதில்: எத்தனை தலை என்பது மேலிடத்தின் கணக்கு. எந்தத் தலை என்பதில்தான் மேலாளரின் கை இருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் பல மாதம் முன்பே, ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலேயே வேலையை முடித்துவிடும். "பரவாயில்லை" என்ற ரகத்தில் அன்று போட்ட ஒரு டிக், பட்டியல் தயாராகும் நாளில் மனிதவளத் துறைக்கு ஆதாரமாகிவிடுகிறது.

ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மேலாளர்கள் ஊழியர்களைத் திறமை வரிசையில் 20, 70, 10 சதவீதமாகப் பிரித்தாக வேண்டும். கடைசிப் பத்துக்குப் பொதுவாக வாசல்தான். குழு முழுக்கக் கெட்டிக்காரர்கள் என்றாலும் விதிவிலக்கு கிடையாது. ஆகவே இப்படிப்பட்ட முறையில் ஒரு பலியாட்டைக் கைவசம் வைத்திருப்பது மேலாளருக்கு வசதி! இதே சாயலில் இருந்த தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது.

இருவரின் மதிப்பெண் சமமானால், மூடிய அறையில் "இவர் இல்லாமல் ஓடாது" என்று வாதாடும் மேலாளரின் ஆள் தப்பிப்பார். நேற்று வந்த மேலாளருக்கோ யாருக்காக வாதாடுவது என்றே தெரியாது.

எப்போதும் இப்படியல்ல. 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 வேலைகளைக் குறைத்தபோது, தங்கள் குழுவில் யார் போனார் என்பது பல மேலாளர்களுக்கே பிறகுதான் தெரிந்தது. போனவர்களில் மேலாளர்களும் உண்டு.