பேசிலுக்குப் பால் ஊற்றுவது எப்படி?

சர்பத்தில் மிதக்கிறதே சப்ஜா விதை, அதன் தாய்ச்செடி திருநீற்றுப்பச்சிலை. ஊர்ப்பக்கம் யாரும் ஏனென்று கேட்காமலே மண்டி வளரும். அதன் இனத்தையே 'இத்தாலியன் பேசில்' என்று விதை வாங்கி, மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்த்து, கூடிய சீக்கிரம் கதையை முடிக்க விரும்பும் அடுக்குமாடிவாசிகளுக்காக இந்த வழிகாட்டி.

தொட்டிக்குக் கண்ணாடி ஜாடியே உத்தமம். வேர் தெரியும், படம் எடுத்துப் போடலாம். வெளிச்சம் உள்ளே இறங்குவதால் பாசி பிடித்து, செடிக்கு ஊற்றிய உரத்தை அது தின்றுவிடும். ஜாடியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டுவதெல்லாம் ரசனை கெட்டவர்கள் வேலை.

இடம்? மேற்குப் பார்த்த பால்கனி. சென்னை என்றால் மே மாதம். தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் வேர் சுகமாக இருக்கும். ஆகவே 30-ஐத் தாண்ட விடுங்கள். சூடு ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வேரழுகலைக் கொண்டுவரும் பித்தியம் கிருமிக்கு அது கல்யாணப் பந்தி. காற்று பம்ப் உறுமுகிறதென்று ராத்திரியில் அதையும் நிறுத்திவிட்டால் காரியம் கச்சிதம்.

சில நாளில் இலை தொங்கும். "தண்ணியிலயே நிக்குது, அப்புறம் ஏன் வாடுது?" என்று வீட்டில் கேட்பார்கள். தயவுசெய்து செடியைத் தூக்கி வேரைப் பார்த்துவிடாதீர்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, கொழகொழத்து, நாறினால் விஷயம் அப்போதே விளங்கிவிடும். பிறகு அழுகியதை வெட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுக் கரைசல் ஊற்றி, பம்ப்பை இரவுபகலாக ஓடவிடத் தோன்றும். செடி பிழைத்துவிடும் அபாயம் உண்டு.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பார்க்காதீர்கள். அடி இலை முழுக்க மஞ்சளித்தால் பெரும்பாலும் நைட்ரஜன் போதவில்லை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. உரத்தில் இரும்பு இருந்தும், பி.எச். 6.5-க்கு மேல் போனதால் வேர் அதை எடுக்காமல் இருக்கலாம். 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் வைத்தால் தீர்ந்தது. நமக்கெதற்கு அந்த வம்பு? இரண்டுக்கும் இன்னொரு மூடி உரம். எப்சம் உப்பு சர்வரோக நிவாரணி என்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒருவர் சொல்வார், அவரையும் கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். உப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. போர் தண்ணீரில் அது ஏற்கெனவே எக்கச்சக்கம்.

உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருவது கம்பெனிக்காரன் பிழைப்புக்கு என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் நீர் சேர்க்காமல் ஒன்றாகக் கலக்குங்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகி அடியில் வெள்ளையாகப் படியும். செடி பட்டினி.

பறிக்கும்போது அடியிலுள்ள பெரிய இலைகளாகப் பார்த்து மொட்டையடியுங்கள். கணுவுக்கு மேலே நுனியைக் கிள்ளினால் இரண்டு கிளை கிளம்பித் தொலைக்கும். பூ வந்தால் கிள்ளாமல் கும்பிடுங்கள்.

இத்தனையும் செய்து அது பச்சையாகவே நின்றால் ஒரு கொத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே பேசில் இலை கறுத்துப்போகும்.