விடத்தல்தீவுக்குக் கிடைத்த விடுகைப் பத்திரம்

இலங்கையில் இடமாற்றம் கேட்டு அலைந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முசலியில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் மன்னார் டவுனுக்கு மாறிவர எத்தனை கடிதம், எத்தனை சிபாரிசு, எத்தனை கும்பிடு! அப்படிப்பட்ட நாட்டில் 2024 மே மாதம் ஒரே கடதாசியில் ஒரு இடமாற்றம் நடந்து முடிந்தது. மாறினது ஆள் இல்லை, 168 ஹெக்டேயர் கரை.

விடத்தல்தீவை 2016 இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தினார்கள். கண்டலும் சேறும் கடற்தாழையுமான இடம். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் பள்ளிக்கூடம் போகிற இடம். எட்டு வருசம் கழித்து வனசீவராசிகள் அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி வர்த்தமானியில் கையெழுத்து வைத்தார். 168 ஹெக்டேயர் ஒதுக்கத்திலிருந்து கழன்று, நீர்வேளாண்மைக்கு, அதாவது இறால் பண்ணைக்கு, உகந்த காணியாகிவிட்டது. காட்டுக்குக் காவலிருக்க வேண்டிய அமைச்சே காட்டுக்கு விடுகைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. இறால் தானாகப் பெருகுகிற இடத்தை அழித்து இறால் வளர்க்கிற கெட்டித்தனத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுக்கிறார்களோ தெரியாது.

ஒதுக்கத்தின் எல்லையில் கைவைக்க முன்னம், அதனால் சூழலுக்கு என்ன வரும் என்று ஆராயவேண்டும் என்கிறது சட்டம். சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதைத்தான் கேட்டன. நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தத் தடை இல்லாவிட்டால் ஒரு பரீட்சையும் எழுதாமலே 168 ஹெக்டேயர் பாஸாகியிருக்கும்.

இப்போது இந்தக் கரைப்பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பேசாலைப் பையன் என்று வையுங்கள், வங்காலைப் பெட்டை என்று வைத்தாலும் கதை மாறாது. கச்சான் காற்று எப்போது எழும்பும், சோளகம் எப்போது விழும், வாடையில் எந்தக் கரைக்கு வள்ளம் போகாது என்பதெல்லாம் அப்பாவோடு கடலுக்குப் போய்ப் படித்தவன். ஆவுளியா, அதாவது கடற்பசு, எந்தத் தாழையில் மேயும் என்று தெரியும். தமிழ்நாட்டு ரோலர் வந்து போன மறுநாள் அடி நிலம் உழுத வயல் மாதிரிக் கிடப்பதைப் பார்த்தவன். இழுவை மடியைத் தடைசெய்து 2017 இல் இலங்கை சட்டம் கொண்டுவந்ததையும், சட்டத்தை ரோலர்கள் இன்னும் வாசிக்காததையும் உங்களுக்கும் எனக்கும் முன்னம் அறிந்தவன்.

அவன் ஏ.எல். எழுதினான். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி காணவில்லை. கல்வியில் பின்தங்கியவை என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிற 16 மாவட்டங்களில் மன்னாரும் ஒன்று. அதற்காகப் பல்கலைக்கழக அனுமதியில் 5 வீதத்தை அந்தப் பதினாறுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அதிலும் அவன் எடுபடவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாடு முழுக்கத் தகுதி பெறுகிறவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியேதான் நிற்கிறார்கள். எனவே அவன் வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனான், என்.வி.கியூ. ஐந்து, அதாவது தேசியத் தொழில் தகைமை ஐந்தாம் மட்ட, டிப்ளோமா எடுத்தான். பிறகு அவனுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது: இந்தக் கடலையும் கரையையும் காக்கிற படிப்பில் பட்டம் எடுக்கவேண்டும்.

அந்தப் படிப்பு தூரத்தில் இல்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்து 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். மன்னார் பஸ் வவுனியா போகிற வழியில் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பையன் கிழமையில் ஐந்து நாள் அதைத் தாண்டிப் போனவன்.

கந்தோர் ஒன்றின் யன்னலடியில் இந்தக் கதை எப்படிப் போகும் என்று ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"இசட் புள்ளி எவ்வளவு தம்பி?"

"அது காணாது சேர். ஆனா டிப்ளோமா இருக்கு."

"நல்லது. பத்திரமா வச்சிரும்."

"அதை வச்சு இரண்டாம் வருசத்துக்குள்ள சேரலாமா சேர்?"

"அதுக்கொரு முறை இல்லைத் தம்பி."

கிளாக்கர் பாவம், அவரைக் குறை சொல்லக்கூடாது. முறை இருக்கிறது, கடதாசியில். இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று 2012 இல் ஒன்று வந்து, பிறகு திருத்தமும் கண்டது. 12 படி உள்ள ஏணி அது. என்.வி.கியூ. ஐந்து அதில் மூன்றாம் படி, ஆறு நாலாம் படி; படித்த பாடங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வடிவாக எழுதியிருக்கிறது. ஏறுகிறவனை மேலே ஏற்பதா வேண்டாமா என்பது மட்டும் மேலே இருக்கிற பல்கலைக்கழகத்தின் விருப்பம். சுவரில் வரைந்த ஏணியில் ஏறச் சொல்கிறவனை நம்மூரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோமோ, அதை இங்கே அச்சிட ஆசிரியர் விடமாட்டார்.

தொழிற்கல்விக்காரருக்கென்றே 2008 இல் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் போட்டார்கள், இரத்மலானையில். உண்மைதான். அங்கே போனால் கட்டடம், இயந்திரம், உணவுப் பதனீடு என்று தொழில்நுட்பம் படிக்கலாம். இரத்மலானையில் ஆவுளியா இல்லை.

ஏணியை உண்மையாக்கு என்று கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். 2015 ஒக்டோபர் 29, கொழும்பு வோட் பிளேசில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வாசல். கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர்கள், தங்கள் படிப்பை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும்படி கேட்டு வந்திருந்தார்கள். பொலிஸ் பொல்லால் அடித்தது, கண்ணீர்ப்புகை அடித்தது, பிடித்துக்கொண்டும் போனது. அந்த டிப்ளோமாவுக்கு வோட் பிளேசில் அன்று சமமாகக் கிடைத்தது அதுதான்.

அமெரிக்காவிலே ஃபுளோரிடா மாநிலத்தில், கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருசம் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாம் வருசத்துக்கு இடம் உண்டென்று சட்டமே இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இயற்கைவளப் பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஒரு பட்டமும் இருக்கிறது. அங்கே போனவனெல்லாம் சொர்க்கத்துக்குப் போனான் என்று நான் சொல்ல வரவில்லை. படிப்புக் கடனைக் கட்டியே கிழவனாகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் முதலை கிடக்கிற சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைதான் அந்தச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் படிக்கவேண்டும் என்கிற எளிய புத்தி அவர்களுக்கு எப்படியோ வந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? மன்னாரில் 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கடற்காகத்தின் முதுகில் கருவி பூட்டி, மேகா என்று பெயர் வைத்து விட்டார்கள். அது ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிற காலத்தைக் கழித்துவிட்டு மன்னாருக்கே திரும்பி வந்தது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல். அந்தக் காகத்திடம் யாரும் இசட் புள்ளி கேட்கவில்லை. பேசாலையிலிருந்து பம்பைமடுவுக்குப் போகத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் காகம் வருகிற வானத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மன்னார் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 நிற்கின்றன, 2020 கடைசியிலிருந்து சுழல்கின்றன. பிறகு அதானி கம்பனி வந்தது. மன்னாரில் மட்டும் 52 காற்றாலை, 250 மெகாவொட் என்றது. வழக்கு வந்தது, விலையில் சண்டை வந்தது, 2025 பெப்ரவரியில் கம்பனி பெட்டியைக் கட்டியது. அடியில் கிடக்கிற கனிய மணலுக்கு ஆஸ்திரேலியக் கம்பனி ஒன்று வந்து துளை போட்டுப் பார்த்தது. மேலே காற்று ஒருவருக்கு, கீழே மணல் இன்னொருவருக்கு. நடுவில் இருக்கிற சனத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. அதை வாசித்து அபிப்பிராயம் சொல்ல 30 நாள். அறிக்கையை எழுதுகிறவர் பட்டதாரி, சரிபார்க்கிறவர் பட்டதாரி, ஒப்பமிடுகிறவர் பட்டதாரி. காற்றாலைக்குப் போட்ட பாதை மழைத் தண்ணியை மறிக்குது, வீட்டுக்குள் வெள்ளம் வருகுது என்று சொல்கிறவர் மட்டும் பட்டம் இல்லாதவர். ஆகையால் அது அபிப்பிராயம், விஞ்ஞானம் இல்லை.

அதானி போனாலும் காற்றாலை போகவில்லை. இனியும் காற்றாலை வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் சனம் தெருவில் இருந்தது. பாதிரியார்கள் இருந்தார்கள், தாய்மார் இருந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார். செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, காற்றாலைப் பாகங்கள் ஏற்றி வந்த வாகனங்களுக்கு வழி எடுத்துக் கொடுக்கப் பொலிஸ் சனத்தை அடித்து விலக்கியது. மன்னார் கடையடைத்தது. பத்து வருசத்துக்கு முன்னம் வோட் பிளேசில் படிப்புக் கேட்டவனுக்கு அடித்த பொல்லு, இப்போது படிப்பில்லாமல் ஊரைக் காக்க வந்தவனுக்கும் அடித்தது. இந்த நாட்டில் பாரபட்சம் பார்க்காத ஒரே நிறுவனம் அந்தப் பொல்லுத்தான்.

இதற்குள் ஒரு சின்ன ஆறுதல். மன்னாரில் தெருவில் திரிகிற கழுதைகளுக்கு வைத்தியம் பார்க்க ஓர் இடம் உண்டு, அதன் பெயரில் 'கல்வி நிலையம்' என்றும் போட்டிருக்கிறது. நல்ல காரியம், நான் கேலி செய்யவில்லை. கழுதையைப் பற்றிப் படிக்கத் தீவுக்குள்ளேயே இடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கல்வி அமைச்சுக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம். பெரிய திட்டம் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம், வெளிநாட்டுக் கடன் வேண்டாம். என்.வி.கியூ. ஐந்தும் ஆறும் முடித்த கரையோரப் பிள்ளைகளுக்கு, சுற்றாடல், கடற்றொழில் பட்டங்களில் இரண்டாம் வருசத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விடத்தல்தீவின் 168 ஹெக்டேயருக்குப் போட்ட அதே அளவுக் கடதாசி போதும். அரசாங்க அச்சகம் இன்னும் மூடவில்லை.