மவுஸும் எலிதானே டீச்சர்?

ஊர்ப் பேரிலேயே வண்டி இருக்கிறது. அதனால் வண்டி ஓட்ட என்னென்ன வேண்டும் என்று இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் லேர்னர்ஸ். அதற்கு ஒரு பரீட்சை. பிறகு எல் போர்டு மாட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு பைக் என்றால் எட்டு, ஜீப் என்றால் ஹெச். காலை ஊன்றினால் பெயில், கம்பியைத் தொட்டால் பெயில். இத்தனையும் தாண்டி வந்தவன் ஓட்டும் ஜீப்புக்கு இன்சூரன்ஸ், பர்மிட், பிட்னஸ், புகைச் சான்று. ஒன்று குறைந்தாலும் கோட்டயம்-குமுளி கே.கே. ரோட்டில் ஒரு கை நீளும்.

சரிதான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதே கே.கே. ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்தில், எஸ்டேட் லயத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர என்ன லைசென்ஸ் வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஜூன் மாத ஸ்டாப் மீட்டிங்கில் சரியான நேரத்தில் தலையைக் குனியத் தெரியாமல் இருந்தால் போதும்.

அந்தக் காட்சியை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். "இந்த வருஷம் ஐ.டி.யை யாரு பாக்குறீங்க?" என்று ஹெச்.எம். கேட்பார். ரிட்டயர்மென்ட் நெருங்கியவர் கண்ணாடியைத் துடைப்பார். சங்கத்து சாருக்கு அப்போது பார்த்து போன் வரும். மிஞ்சுவது போன வருடம் சேர்ந்த சின்ன டீச்சர். அவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பி.டி.எப். அனுப்பியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். முடிந்தது கதை. இனி அவர்தான் எஸ்.ஐ.டி.சி. அதாவது ஸ்கூல் ஐ.டி. கோஆர்டினேட்டர். அவர் படித்தது விலங்கியல். அதனால் என்ன? மவுஸும் எலிதானே டீச்சர்?

டீச்சரைக் கிண்டல் செய்யவில்லை. அவர் பாவம். காலையில் தவளையின் இதயம் நடத்தவேண்டும். இடைவேளையில் புரொஜெக்டர் ஏன் நீலமாகவே நிற்கிறது என்று பதில் சொல்லவேண்டும். மத்தியானம் பள்ளி நிர்வாக இணையதளமான 'சம்பூர்ணா'வில் பிள்ளைகளின் விவரம் ஏற்ற வேண்டும். சாயங்காலம் ஸ்காலர்ஷிப் பட்டியல். ராத்திரி பத்து மணிக்கு, "டீச்சரே, பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று ஒரு சார். இதையெல்லாம் செய்ய அவருக்கு என்ன படிப்பு தந்தார்கள்? சில நாள் பயிற்சி. என்ன பதவி தந்தார்கள்? கூடுதல் பொறுப்பு. பழைய வேலை அப்படியே இருக்கும், புதிய வேலை மேலே ஏறும், இரண்டுக்கும் சேர்த்து வசவு ஒன்றாக வரும். அரசாங்கத் தமிழில் அதற்குப் பெயர்தான் கூடுதல் பொறுப்பு.

இது ஏதோ ஒப்புக்கு வைத்த பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஐ.டி. கட்டாயம். மதிப்பெண் 50. பாடம் உண்டு, புத்தகம் உண்டு, லேப் உண்டு, பரீட்சை உண்டு. அதற்கென்று ஆசிரியர் மட்டும் கிடையாது. கல்யாண மண்டபம் பிடித்து, பந்தியும் போட்டு, மாப்பிள்ளையை மட்டும் கூட்டத்தில் தேடுகிறார்கள்.

மேல்நிலையில் கம்ப்யூட்டர் சயன்சுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறார். அவருக்குப் பட்டம், பரீட்சை எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்பு வரைதான் இந்தத் திருவிழா. பிள்ளை முதல் முறையாக விசைப்பலகையைத் தொடும் வயதில் ஆளில்லை. தொட்டுப் பழகிய பிறகு ஆள் வருகிறார்.

கம்ப்யூட்டருக்கு இல்லாத ஆசிரியர் பணியிடம் கேரள உயர்நிலைப் பள்ளியில் தையலுக்கு உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. முறையாக அறிவிப்பு வெளியிடும். தொழில்நுட்பச் சான்றிதழ் கேட்கும். 2012 முதல் நடக்கும் கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தையல், ஓவியம், சங்கீதம், உடற்கல்வி ஆகியவற்றுக்கும் நான்காம் பிரிவில் இடம் இருக்கிறது. தையலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்தான் தையல் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு காலத்தில் யாரோ ஒரு அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மகராசன் இன்று இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிடலாம். அதே தேர்வில் கம்ப்யூட்டருக்கு ஒரு தாள் இல்லை. ஊசிக்குத் தகுதி வேண்டும். லேப்டாப்புக்கு வேண்டாம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் ஐ.டி. மன்றம் தொடங்கினார்கள். நல்ல திட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளை அதில் சேர வேண்டுமானால் திறனறித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பதிமூன்று வயதுப் பிள்ளைக்குத் தகுதித் தேர்வு. அந்தப் பிள்ளையை வழிநடத்தும் ஆசிரியருக்கு அப்படியொரு தேர்வு இல்லை. புரொஜெக்டர் கெட்டால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணத் தெரியாதவர்கள் இல்லை கல்வித் துறைக்காரர்கள். 2020 அக்டோபர் 12-ஆம் தேதி, பொதுக்கல்வியில் முழுக்க டிஜிட்டல் ஆன முதல் மாநிலம் என்று கேரளம் தன்னை அறிவித்துக்கொண்டது. கணக்கும் கொடுத்தார்கள்: 16,027 பள்ளிகள், 3,74,274 கருவிகள். கடைசி நான்கு கருவிகளைக்கூட விடவில்லை. அவ்வளவு கருக்காக எண்ணியவர்கள், இவற்றை நடத்தப் படித்த ஆசிரியருக்கு எத்தனை பணியிடம் என்ற பத்தியை எழுதவே இல்லை.

அந்த அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 6 ராத்திரி, இதே இடுக்கி மாவட்டத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் தூங்கிய 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ் ஜனம். கரண்டும் இல்லை, டவரும் இல்லை. செய்தி வெளியே தெரிய விடியவேண்டியிருந்தது. முழு டிஜிட்டல் மாநிலத்தில், உயிர் போன சேதியை ஆள் நடந்துபோய்ச் சொன்னான்.

அந்த வருடம் ஜூனில், கொரோனாவால் பள்ளி மூடிக் கிடக்க, 'பர்ஸ்ட் பெல்' என்ற வகுப்பு தொடங்கியபோது மலையாள வகுப்பு அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸ் டிவியில் வந்தது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு யூடியூபைக் கைகாட்டினார்கள். டிவிக்கு ரேஞ்ச் வேண்டாம். யூடியூபுக்கு வேண்டும். ரேஞ்ச் இல்லாத மலையில் இருப்பவனுக்கு எது போகவேண்டும் என்று ஒரு கல்வித் தொழில்நுட்பம் படித்தவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்க அப்படியொரு ஆள் எந்தப் பள்ளியிலும் இல்லை. எஸ்டேட் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடு ஏறினார்கள். அதைப் படம் எடுத்துப் போட்டு 'விடாமுயற்சி' என்று தலைப்புக் கொடுத்தார்கள்.

குறை மட்டுமே சொன்னால் நாக்கு அழுகும். பள்ளிகளின் ஐ.டி.யைப் பார்க்கும் அரசின் கைட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம். பெரிய கம்பெனிகளுக்குக் கொட்டிக்கொடுக்காமல் கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்தார்கள். ஐ.டி. புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது. இத்தனை யோசித்தவர்களுக்கு ஆசிரியரைப் போடவேண்டும் என்பது மட்டும் தோன்றாதா? தோன்றியிருக்கும். பெட்டி வாங்குவது ஒருமுறைச் செலவு. திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு. ஆளைப் போட்டால் மாதாமாதம் சம்பளம், கடைசியில் பென்ஷன். ஆசிரியர் நியமனத்துக்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டியதில்லை.

2024 மே மாதம் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடங்கினார்கள். எத்தனை நாள்? மூன்று. 2025-இல் பத்தாம் வகுப்பில் ரோபோட்டிக்ஸ் எல்லாருக்கும் வந்தது. ஸ்கூட்டருக்கு 30 நாள் எல் போர்டு. ரோபோவுக்கு யாரும் போர்டு மாட்டவில்லை.

குமுளியைத் தாண்டித் தமிழ்நாட்டில் கம்பம் பக்கம் இறங்கினால் நிம்மதி என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கே பாதையே இல்லை. அங்கே பாதை போட்டு நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பி.எட். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று படிப்பு வைத்து, ஆயிரக்கணக்கில் பட்டம் கொடுத்தார்கள். அங்கத்து ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் அந்தப் பாடத்துக்குத் தாள் வைக்கவில்லை. 2019 ஜூன் 23-இல் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு நடந்தது, கம்ப்யூட்டரிலேயே. சில மையங்களில் சர்வர் படுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் சொல்லித்தர வந்தவர்கள் வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். அங்கதம் எழுதுகிறவன் பிழைப்பில் இப்படி மண்ணைப் போடக்கூடாது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறையும் லேபும் அமைக்க 1,000 கோடி ரூபாயைத் தாண்டிய ஆர்டரைப் பெற்றது யார் தெரியுமா? கேரள அரசின் கெல்ட்ரான். முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் 136 அடியா 142 அடியா என்று முட்டிக்கொள்ளும் இரண்டு சர்க்காரும் இதில் மட்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள். பெட்டி மலையைத் தாண்டுகிறது. ஆளுக்குத்தான் இரண்டு பக்கமும் செக்போஸ்ட்.

ஆளுக்குத் தகுதி கேட்கும் ஊரும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பள்ளிக் கல்வித் தொழில்நுட்ப வல்லுநர் என்று தனிச் சான்றிதழ் இருக்கிறது. தேர்வு எழுதி முதல் சான்று. மூன்று வருட அனுபவமும் முதுகலையும் சேர்ந்தால்தான் அடுத்தது. அவர்கள் நம்மைவிட மூளைக்காரர்கள் என்பதால் அல்ல. இது ஒரு தொழில் என்று ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் தகுதி என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேறவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு. இருபது வருடம் கணக்கு நடத்தியவர் கணக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். அவரே அடுத்த பீரியடில் லேபுக்குள் நுழைந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நாமாவது கேட்போம். அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் டீயும் வடையும் வரும் முன்பே கேளுங்கள்: என் பிள்ளைக்கு ஐ.டி. நடத்துபவர் எதைப் படித்தவர், அந்த வேலைக்குப் பணியிடம் எங்கே? டீச்சரிடம் கேட்காதீர்கள், அவருக்கும் அதே கேள்விதான். கல்வித் துறைக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தது. தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம் என்று அதில் இருக்கிறது. பதிலும் தமிழில்தான் வரவேண்டும் என்றும் இருக்கிறது.