கிராஸ் கேபிள் பேர்வழி

தெருவில் யாராவது, "பழைய கம்ப்யூட்டர்ல கல்யாண போட்டோ மாட்டிக்கிச்சு" என்று முணுமுணுத்தால் போதும், சாயங்காலமே இவர் வாசலில் நிற்பார். கையில் கிரிம்பிங் டூல். ஒன்று விண்டோஸ் 98, மற்றது எக்ஸ்பி என்று கேட்டதும் முகத்தில் ஒரு தேஜஸ்.

சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் இவருக்கு ஆகாது. இரண்டு பெட்டியும் நேருக்கு நேர் பேச வேண்டும். ஒரு முனையின் 1, 2 கம்பிகள் மறுமுனையில் 3, 6-க்குப் போகிற கேபிளைத் தன் கையாலேயே அழுத்துவார். "இப்ப வர்ற போர்ட்டெல்லாம் சாதா கேபிளையே புரிஞ்சுக்குமே அங்கிள்" என்று பையன் சொல்வது அவர் காதில் விழாது.

பிறகு பிங். நான்கு வரியும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. வேலை இருக்கிறது என்று அவருக்கு நிம்மதி. இரண்டு ஐபியும் 169.254 என்று தொடங்கும். "நம்பர் குடுக்க ஆளில்லாம தானே வச்சுக்கிட்டது" என்று பரிதாபப்பட்டு, 192.168.0.1, 192.168.0.2 என்று நாமகரணம் செய்வார். ஐபியை மாற்றினால் 98 ரீஸ்டார்ட் கேட்கும், பல நேரம் சிடியும் கேட்கும். அந்த சிடி வீட்டுக்காரரிடம் இருக்காது, இவரிடம் இருக்கும். ரீஸ்டார்ட்டுக்கு ஒரு காப்பி.

"ஏங்க, பென் டிரைவ்ல போட்டா முடிஞ்சிடாதா?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"98-க்குத் தனியா டிரைவர் போடணும்மா!"

உண்மைதான். அந்த டிரைவரும் தன் பையிலேயே இருப்பதைச் சொல்ல மாட்டார்.

இப்போது எக்ஸ்பியிலிருந்து 98-க்கு பிங் போகும், 98-லிருந்து எக்ஸ்பிக்குப் போட்டால் பதில் வராது. 2004-இல் வந்த சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே போட்டுவிட்டதன் விளைவு. அதைத் தளர்த்தினால் அடுத்த சிக்கல்: எக்ஸ்பி ஹோம் தன் ஒர்க்குரூப்பை 'எம்எஸ்ஹோம்' என்கிறது, 98 'ஒர்க்குரூப்' என்றே சொல்கிறது. கல்யாணத்துக்குக் கோத்திரம் வேறாக இருக்கணும், இங்கே ஒன்றாக இருக்கணும் என்று விளக்கி, மாற்றி, மறுபடி ரீஸ்டார்ட். காப்பி.

ராத்திரி பதினோரு மணிக்கு 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்'டில் எக்ஸ்பியின் பெயர் தெரியும். ஒரே ஒரு போட்டோவை அனுப்பிப் பார்ப்பார். போய்ச் சேர்ந்ததும் செருப்பை மாட்டிவிடுவார். மீதி ஆல்பம் அவர் கவலை இல்லை.

தாராளமாகக் கூப்பிடுங்கள், காசு வாங்க மாட்டார். கேபிளைச் சுருட்டிப் பையில் போடுமுன் மீதி போட்டோக்களை மட்டும் இழுத்துவிடுங்கள்.