‘சேமிக்கவா?’ எனும் வினாவின் நிலமும் பொழுதும்

இணையத்தில் உலவுகிறவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் மிகக் குறைந்த மரியாதையோடு நடத்தப்படுவது, பிரவுசரின் மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்பதே. குக்கீயை ஏற்கச் சொல்லும் பட்டைக்காவது எரிச்சலோடு ஒரு பதில் கிடைக்கிறது. இதற்கு அதுவும் இல்லை; பக்கத்தில் வேறெங்காவது ஒரு கிளிக், பெட்டி போய்விடும். இலக்கணிகளும் இதைச் சீண்டியதாகத் தெரியவில்லை. அக்குறை களையவே இவ்வாய்வு.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை 6 வகையாகப் பிரித்தார்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். ‘சேமிக்கவா?’ இவற்றுள் எது? கொடை வினா என்பார் ஒரு சாரார். நினைவில் வைக்கும் சுமையை நம்மிடமிருந்து இறக்கிவைக்க பிரவுசர் வருகிறதாம். அற்றன்று, கொளல் வினாவே என்பார் மறு சாரார். கொடுப்பது நாம், வாங்கிப் பூட்டுவது அது. இரு சாராரும் அந்தப் பெட்டியைக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. மேலே பயனர் பெயர். அதன் கீழே வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் ஒரு கண் படம். அடியில் ‘சேமி’ மட்டும் அடர்நீலத்தில் பளிச்சென்று இருக்கிறது. மறுப்பதற்கான பொத்தான் வெளிறிப்போய் ஒதுங்கி நிற்கிறது. ‘பாடம் படித்தாயா?’ என்று அப்பா கேட்டால் ‘போய்ப் படி’ என்று பொருள். இதுவும் அவ்வகையே. ஆகவே ஏவல் வினா என்க.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். இவ்வினாவுக்கும் அவையே முதல். பொழுதை முதலில் எடுத்துக்கொள்வோம், கோளாறெல்லாம் அங்கேதான்.

அடித்த கடவுச்சொல் சரியா, தவறா என்பது தளத்தின் சர்வருக்குத்தான் தெரியும். பிரவுசர் குறி பார்க்கிறது. பக்கம் மாறியதா, கடவுச்சொல் பெட்டி மறைந்ததா? ஆள் உள்ளே போய்விட்டார், கேட்டுவிடலாம். அதே பெட்டி மறுபடி வந்து நின்றதா? தோற்றுவிட்டார், சும்மா இருக்கலாம். தோல்விக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கும் தளங்களில் இந்தக் குறி கவிழ்கிறது. ‘தவறான கடவுச்சொல்’ என்று சிவப்பில் எழுதிய பக்கத்தின் மேலேயே, அந்தத் தவறைப் பத்திரப்படுத்தவா என்று கேட்கும்.

பயனர் பெயரும் ஊகந்தான். எது எந்தப் பெட்டி என்று எச்டிஎம்எல்லில் அடையாளம் இட வழி உண்டு. பல தளக்காரர்கள் மெனக்கெடுவதில்லை. அப்போது கடவுச்சொல்லுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெட்டியில் உள்ளதே பெயர் என்று பிரவுசர் கொள்ளும். புதுக் கணக்குத் தொடங்கும் படிவத்தில் அந்த இடத்தில் பின்கோடு இருந்தால், 600028 என்று ஒரு வாடிக்கையாளர் நம் கணினியில் குடியேறுவார். ஓடிபியைப் புள்ளிகளால் மறைத்து வாங்கும் தளங்களில் இன்னும் விசேஷம்: சில நிமிடங்களில் செத்துப்போகும் 6 இலக்கத்தை ஆயுளுக்கும் காப்பாற்ற முன்வரும்.

நிலத்தகராறு பழையது. 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, ‘இங்கே எதையும் நினைவில் வைக்காதே’ என்று தளமே சொல்லிவிட ஒரு குறிப்பைக் கொடுத்தது. வங்கிகள் அதைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டன. 2013-இல் எக்ஸ்ப்ளோரர் 11-உம், 2014-இல் குரோமும் கடவுச்சொல் பெட்டிகளில் அந்தக் குறிப்பைச் சட்டை செய்வதை நிறுத்தின. சேமிக்க விடாவிட்டால் ஜனங்கள் ஒரே எளிய சொல்லை எல்லா இடத்திலும் போடுவார்கள் என்பது அவற்றின் வாதம், நியாயமான வாதம்தான். தளங்கள் விடுவதாக இல்லை. காப்பி-பேஸ்ட்டைத் தடுத்தன, திரையிலேயே எழுத்துகளைக் கலைத்துப்போட்ட கீபோர்டு வைத்தன. 2017-இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி, கடவுச்சொல்லை பேஸ்ட் செய்ய விடுங்கள் என்று வழிகாட்டியது. என் வங்கிக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை.

சேமிப்பே ஆகாது என்னும் மரபினருக்கும் சான்று உண்டு. எம்ஐடியில் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்ட சிடிஎஸ்எஸ் என்னும் கணினி அமைப்பில் 1966-இல் கடவுச்சொல் கோப்பும் அன்றைய வரவேற்புச் செய்தியும் இடம் மாறிக்கொள்ள, உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் வணக்கத்துக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொல்லும் கிடைத்தது.

இனி விடை. நன்னூல் கூறும் விடைகள் 8. பிரவுசர் ஒப்புக்கொள்வது நேர்விடையும் மறைவிடையும் மட்டுமே. நம் மனத்தில் இருப்பதோ பெரும்பாலும் மற்றவை. ‘வைத்தால் பையன் பார்த்துவிடுவான்’ என்பது உறுவது கூறல். ‘போன தடவை வைத்துப் பட்டது போதும்’ என்பது உற்றது உரைத்தல். ‘பெயரை மட்டும் வைத்துக்கொள்’ என்பது இனமொழி. இவற்றுக்குப் பொத்தான் கிடையாது. போதாக்குறைக்கு, மறைவிடையைச் சில கடவுச்சொல் மேலாளர் மென்பொருள்கள் இரண்டாகப் பிளந்திருக்கின்றன. கரன்ட் பில் கட்ட உட்கார்ந்த தந்தைக்கும் பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் போனில் நடக்கும் உரையாடல் இதை விளக்கும்:

“ஏம்ப்பா, ஏதோ கேக்குதே, என்ன அமுக்கட்டும்?”

“வேண்டாம்னு அமுக்குங்கப்பா.”

“எந்த வேண்டாம்? ரெண்டு வேண்டாம் இருக்கே.”

‘இப்போது வேண்டாம்’ என்பது வாய்தா. ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பது அந்தத் தளத்துக்கு மட்டுமான நிரந்தரத் தடை. கேள்வியையே அடியோடு நிறுத்த அமைப்புகளுக்குள் ஒரு ஸ்விட்ச் உண்டு. பிரவுசிங் சென்டரிலும், பலர் உட்காரும் அலுவலகக் கணினியிலும் அதை அணைத்து வைப்பதே முறை. பிட்வார்டன் போல் தனி மேலாளர் வைத்திருப்பவர்களும் பிரவுசரின் வாயை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கடவுச்சொல்லுக்கு இரண்டு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேட்கும். தனி மேலாளரிலும் விலக்க வேண்டிய தளங்களை எழுதிவைக்க இடம் இருக்கிறது. சொந்தக் கணினியில் தனியாக இருப்பவர் ஸ்விட்சைத் தொட வேண்டாம். வங்கி போன்ற ஓரிரு தளங்களுக்கு ‘ஒருபோதும் வேண்டாம்’ போதும் என்பது என் துணிபு.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருபோதும் கேட்காதே என்றால், எங்கே கேட்கக்கூடாது என்பதை பிரவுசர் எழுதிவைத்தாக வேண்டும். மறுக்கப்பட்ட தளங்களின் பட்டியல் குரோமில் கடவுச்சொல் அமைப்புகளிலும், ஃபயர்பாக்ஸில் விதிவிலக்குகள் என்ற பொத்தானுக்குள்ளும் இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல், ஆனால் வீட்டுக் கணினியிலேயே, வரன் தேடும் தளத்தில் கணக்குத் தொடங்கிய மகன், தடயமே கூடாதென்று ‘ஒருபோதும் வேண்டாம்’ அமுக்குகிறான். பெயர் பதியவில்லை, கடவுச்சொல் பதியவில்லை. தளத்தின் முகவரி மட்டும் பட்டியலில் ஏறிவிட்டது. ஹிஸ்டரியை மட்டும் துடைத்தால் அது போகாது. கரன்ட் பில் தளம் ஏன் இப்போதெல்லாம் கேட்பதில்லை என்று அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் நாளில், ஜாதகம் வெளியே எடுக்கப்படும்.