மெக்வாயரை யார் வாங்குவது?

எங்கள் வழக்குமன்றம் ஜொகூர் பாருவில், லார்க்கின் அரங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு மாமாக் கடையில் கூடுகிறது. வழக்கு ஒன்றுதான். மென்செஸ்டர் யுனைடெட்டின் தற்காப்பு ஆட்டக்காரர் ஹாரி மெக்வாயரை விற்பதா, வைத்துக்கொள்வதா? 2019 ஆகஸ்டில் தொடங்கிய விசாரணை ஏழாவது ஆண்டாக நடக்கிறது. இதற்குள் ரொட்டி சானாய் விலை சில தடவை ஏறிவிட்டது. ரொட்டி வீசும் தம்பி கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குப் போய், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகத் திரும்பி வந்துவிட்டான். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

மன்றத்தில் நான் அரசுத் தரப்பு. விற்றுவிட வேண்டும் என்பது என் கட்சி. எனக்கும் மேலே ஒருவர் உண்டு, கிரேன் அண்ணன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாற்பது டன் கொள்கலனைத் தூக்கி, கோடு பிசகாமல் லாரியில் இறக்கி வைப்பவர். "இவ்ளோ பெரிய சாமான நானே ரெண்டு நிமிசத்துல திருப்பிடுவேன். இவன் திரும்புறதுக்குள்ள அவனுங்க கோல் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுறானுங்க" என்பார். தொழில்முறை வல்லுநரின் கருத்து என்பதால் யாரும் மறுப்பதில்லை.

எதிர்த் தரப்பில் ஒரே ஒருவர்தான், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். முப்பது வருடம் பின்வரிசைப் பையன்களைக் கரையேற்றியவருக்கு மெக்வாயரைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது போலும். "மெதுவா திரும்புவான்தான்யா. ஒத்துக்கிறேன். மேல வர்ற பந்து ஒண்ணாவது தப்புதா, சொல்லு." அவர் சொன்னால் அது கேள்வித்தாள். பதில் எழுதாமல் எழுந்து போக முடியாது.

சுருக்கமாக வழக்கின் வரலாறு. லெஸ்டரிலிருந்து இவரை எடுக்க யுனைடெட் கொடுத்தது 80 மில்லியன் பவுண்டு. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 40 கோடி வெள்ளி. அதுவரை உலகில் எந்தத் தற்காப்பு ஆட்டக்காரருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அவ்வளவு சீர் கொடுத்து எடுத்த மாப்பிள்ளையை, ஆறு மாதத்தில் குடும்பத் தலைவராகவும் ஆக்கினார்கள். 2020 ஜனவரியில் அணித்தலைவர். 2023 ஜூலையில் எரிக் டென் ஹாக் அந்தப் பட்டையைக் கழற்றி புரூனோ பெர்னாண்டஸ் கையில் கட்டினார். அடுத்த மாதமே வெஸ்ட் ஹாம் 30 மில்லியன் பவுண்டுக்குக் கேட்டது. இரண்டு கிளப்பும் சம்மதித்து, தாம்பூலம் மாற்றாத குறை. கடையில் அன்று நான்தான் எல்லாருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் பேச்சு முறிந்து, மாப்பிள்ளை பெட்டியோடு மறுபடி திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நவம்பரில் பிரிமியர் லீக்கின் மாதச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். தே தாரேக் காசு எனக்குத் திரும்பி வரவில்லை.

இந்த விவகாரம் எங்கள் மேசையோடு நிற்கவில்லை என்பது ஒரு ஆறுதல். 2022இல் கானா நாடாளுமன்றத்தில் ஐசக் அடோங்கோ என்ற உறுப்பினர், துணை அதிபர் பொருளாதாரத்தை நடத்தும் லட்சணத்தை மெக்வாயர் கோல் காக்கும் லட்சணத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். சபையே சிரித்தது. ஒரு வருடம் கழித்து அதே சபையில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். துணை அதிபரிடம் இல்லை, மெக்வாயரிடம். மெக்வாயர் திருந்திவிட்டார், நம்மவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார் என்பது அவர் வாதம். மெக்வாயரும் பெருந்தன்மையாக மன்னித்து, ஓல்ட் டிராஃபர்ட் பக்கம் வாருங்கள் என்று பதில் போட்டார். ஆசிரியர் இந்தச் செய்தியை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தார். "ஒரு எம்.பி.யே மன்னிப்புக் கேட்டாச்சு. நீ எப்போ?" என்பது எனக்கு வந்த சம்மன்.

எங்கள் மேசையில் இந்த வழக்கையே மதிக்காத ஒரு ஜீவனும் உண்டு. என் அக்கா மகன். எங்கள் ஊர் அணியான ஜே.டி.டி.யின் சட்டையைத் துவைக்கக்கூடக் கழற்றமாட்டான். "மாமா, நம்ம ஊர்லயே 2014லேருந்து வரிசையா 11 தடவ லீக் ஜெயிச்ச டீம் இருக்கு. நீங்க என்னடான்னா 15ஆவது இடத்துல வந்தவனுக்காக ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க." 2024–25 பருவத்தில் யுனைடெட் பிடித்த இடம் அதுதான். மறுக்க முடியாது. ஆனால் பையனுக்கு ஒன்று புரியவில்லை. ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியை வைத்துக் கடையில் எவ்வளவு நேரம் பேச முடியும்? "நாலு கோல்." "ஆமா." "நல்லா ஆடினானுங்க." "ஆமா." முடிந்தது, அரை கிளாஸ் தேத்தண்ணி. அங்கே ஒருவர் சரியாக ஆடவில்லை என்று நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அவர் இடத்தில் வேறு ஒருவர் வந்துவிடுகிறார். எஸ். குணாளன் அந்தச் சட்டையில் வலப்பக்கம் ஓடிய வருடங்களில் எங்கள் மேசை முழுக்க லார்க்கினுக்குப் போயிருக்கிறது. அப்போதும் விவாதம் இல்லை. நம்ம பையன் தப்பே செய்யமாட்டான். பந்து அவனைத் தாண்டிப் போனால் புல் வழுக்கியிருக்கும்.

லார்க்கின் என்றதும் ஆசிரியருக்கு 1997 நவம்பர் 16 ஞாபகம் வந்துவிடும். ஜப்பானும் ஈரானும் உலகக் கிண்ணத் தகுதிக்காக இங்கே வந்து மோதி, கூடுதல் நேரத்தில் ஒகானோ அடித்த தங்கக் கோலில் ஜப்பான் 3–2 என்று வென்ற இரவு. ஜப்பான்காரர்கள் இன்றுவரை அதை 'ஜொகூர் பாரு ஆனந்தம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு எங்களுக்கு இருபத்தெட்டு வருடமாக ஓர் ஆனந்தமும் இல்லை என்பார் கிரேன் அண்ணன். தானும் அன்று உள்ளே இருந்ததாக ஆசிரியர் சொல்வார். எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பது மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும்.

இனி ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் அரசுத் தரப்பாக முழங்கும் நான் வீட்டில் எதிர்த் தரப்பு. வழக்கு என் புரோட்டோன் வீரா. 2002இல் வாங்கியது. பின் இடப்பக்கக் கண்ணாடி இறங்காது. ஏர்கோன் யோங் பெங் தாண்டினால்தான் குளிரும். வண்டியைத் திருப்ப அரை ஏக்கர் வேண்டும். பழைய இரும்புக்காரர் 1,500 வெள்ளி தருவதாக இரண்டு தடவை வாசலுக்கே வந்துவிட்டார். "வித்துத் தொலைங்களேன்" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு நான் சொல்லும் பதிலை ஒருநாள் நானே காதுகொடுத்துக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. "மெதுவா திரும்பும்தான். ஒத்துக்கிறேன். காலையில ஒருநாளாவது ஸ்டார்ட் ஆகாம இருந்திருக்கா, சொல்லு." ஆசிரியர் குரல், வார்த்தைக்கு வார்த்தை. அன்றிலிருந்து கடைக்குக் குடும்பத்தை அழைத்துப் போவதை நிறுத்திவிட்டேன்.

2025 ஏப்ரல் 18க்கு வருவோம். யூரோப்பா லீக் காலிறுதி, இரண்டாவது ஆட்டம், எதிரில் லியோன். இங்கே விடிகாலை மூன்று மணி. அன்று பெரிய வெள்ளி, சிங்கப்பூரில் விடுமுறை. அதனால் வழக்கமாக அந்த நேரத்தில் ஹெல்மெட்டோடு, சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலத்தில் நிற்கும் ஜனம் முழுக்கக் கடையில் இருந்தது. மாசாயிலிருந்து வரும் கத்தோலிக்க நண்பர் நோன்பு; வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு, எங்கள் ரொட்டிகளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் 2–0. பிறகு 2–2. லியோனில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கூடுதல் நேரத்தில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு அவர்கள் நம்மை 4–2 ஆக்கினார்கள். இதை இன்னொரு தடவை படிக்க வேண்டாம், வலிக்கும்.

துறைமுகத்துக்கு விடுமுறை கிடையாது. கிரேன் அண்ணன் எழுந்தார். "இவன வச்சுக்கிட்டு இதுதான் நடக்கும்" என்று திரையைக் காட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மோட்டாரை உதைத்துக்கொண்டு பாலத்தைப் பார்க்கப் போய்விட்டார். அப்போது பயிற்றுநர் அமோரிம், வேறு வழி தெரியாமல், மெக்வாயரைத் தாக்குதலுக்கு முன்னே அனுப்பினார். வீட்டில் வேலைக்காகாத மாமாவைப் பந்தலில் சாப்பாடு போடும் பக்கம் அனுப்புவதைப் போல. புரூனோ ஒரு பெனால்டி. 120ஆவது நிமிடத்தில் மைனு ஒன்று. அடுத்த நிமிடம் காசெமிரோ தூக்கிப் போட்ட பந்து, அந்தப் பெரிய தலை, கோல். 5–4. இரண்டு ஆட்டமும் சேர்த்து 7–6.

நாற்காலி உடைந்தது ஒன்று. நோன்பு இருந்தவர் என் தே தாரேக்கை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஞாயித்துக்கிழம எந்திரிக்க வேண்டியதுப்பா, இவன் வெள்ளிக்கிழமையே எந்திரிச்சுட்டான்" என்றார். ஆசிரியர் என்னைப் பார்க்கவேயில்லை. அதுதான் மோசம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிரேன் அண்ணனுக்கு விஷயம் பாலத்தின் நடுவில்தான் தெரிந்திருக்கிறது. பக்கத்து மோட்டார்க்காரர் ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தியிருக்கிறார். அவர் எழுந்து போனதால்தான் ஜெயித்தோம் என்று மன்றம் ஏகமனதாக முடிவு செய்தது. அன்று முதல் யுனைடெட் தோற்கும் நிலை வந்தால் யாராவது ஒருவர், "அண்ணே, பாலத்துக்குக் கெளம்புங்க" என்பார். அவரும் கோபித்துக்கொள்வார். ஆனால் எழுந்துவிடுவார்.

இறுதி ஆட்டத்தில் மே 21 அன்று பில்பாவோவில் டோட்டன்ஹமிடம் 1–0 என்று தோற்றதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அன்று அவரை எழுப்ப மறந்துவிட்டோம்.

அப்புறம் அக்டோபர் 19. லிவர்பூலோடு ஆன்ஃபீல்டில் ஆட்டம், நமக்கு இரவு 11.30. விடிந்தால் தீபாவளி. இந்த ஆட்ட அட்டவணையைப் போட்டவர் வீட்டில் முறுக்குச் சுட்டதே கிடையாது. "அரை மணி நேரத்துல வந்துர்றேன்" என்று நான் சொன்னதை என் மனைவி நம்பவில்லை, நம்புவது போலவும் நடிக்கவில்லை. காலையில எண்ணெய் வைக்கணும் என்று மட்டும் சொன்னாள். கடையில் ஆளுக்கொரு டப்பா. அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி. கடைக்காரர் முகம் சுளித்தார், பிறகு அவரும் நெய் உருண்டை எடுத்தார்.

இரண்டாவது நிமிடத்திலேயே நம் உம்பெமோ கோல். 78ஆவது நிமிடத்தில் காக்போ சமன் செய்தார். ஆன்ஃபீல்டில் யுனைடெட் கடைசியாக லீக் ஆட்டம் ஜெயித்தது 2016 ஜனவரியில்; ஒன்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"டேய், நாளைக்குத் தீவாளிடா. எனக்கு லீவுடா."

"அண்ணே, தயவு செஞ்சு."

கிரேன் அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பாலம் வரை போகவில்லை. ஐந்தடியில், ஒதுக்கி நிறுத்திய மோட்டார் மேல் சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மடியில் முறுக்கு டப்பா. 84ஆவது நிமிடம். புரூனோ தூக்கிப் போட்டார். தூரத்துக் கம்பத்தருகே யாரும் கவனிக்காமல் நின்றிருந்தது அந்தத் தலை.

உள்ளே நடந்ததை விவரிக்க என்னால் ஆகாது. யாரோ வெளியே ஓடி, வைத்திருந்த பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் தீபாவளி பிறந்துவிட்டது என்று நினைத்துத் தானும் ஒரு சரத்தைப் பற்றவைத்தார். கிரேன் அண்ணன் சாலையைப் பார்த்தபடியே, திரும்பாமல், "யாருடா போட்டது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்தான் போய் அவர் தோளில் கை வைத்தார்.

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். ஆசிரியரின் மகன் வாங்கிக் கொடுத்த புது வண்டி திரையில் ஏதோ செய்தி காட்டிவிட்டு அசைய மறுத்தது. அவரை வீராவில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் மெக்வாயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என்னையா, வண்டியையா என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் வண்டியைத் திருப்ப வழக்கம்போல் நாலு தடவை முன்னும் பின்னும். சத்தத்தில் விளக்கு எரிந்தது. மனைவி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"இந்தத் தீவாளியோட இத வித்துர்றேன்னு சொன்னீங்களே?"

மெக்வாயரின் ஒப்பந்தம் அப்போது 2026 ஜூன் வரை இருந்தது. எதற்கோ அதுதான் ஞாபகம் வந்தது.

"ஜூன் வரைக்கும் ரோட் டேக்ஸ் கட்டியாச்சு" என்றேன்.